சாயம் வெளுத்த பெருமை

சித்திரை பிறக்கப் போகிறதென்றால் ஜவுளிக் கடைக்காரர்களுக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடுகிறது. முன்னெல்லாம் இந்த உற்சாகம் பெண்மணிகளின் புடவைகளை மட்டுமே நாடியிருந்தது. இப்போது ஆண்பிள்ளைகளையும் அது விட்டபாடில்லை. “இளவேனிலுக்கு ஏற்ற ஆடவர் உடைகள்” என்று பெரிய எழுத்துக்களில் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றைப் பார்த்த நேயர்கள் சிலர், “இந்த வசந்த காலத்தில் ஆண்கள் என்னதான் உடுத்துவது? உங்கள் அபிப்பிராயம் யாது?” என்று நம்மைக் கேட்டிருக்கிறார்கள்.

நம்முடைய அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். இந்த வருஷத்து வசந்தத்துக்கு வேண்டிய மிகச் சிறந்த உடை அநேகமாக அதற்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

இதைக் கேட்டதும், “இது என்ன, சிக்கனப் பிரசங்கமா?” என்று சில இளைஞர்கள் முகத்தைச் சுளிக்கக் கூடும். சிக்கனமும் இதில் அடங்கியிருக்கிறது என்பது வாஸ்தவமே. ஆனால் நாம் சொல்ல வந்தது அது மட்டுமல்ல. பழகிய துணிக்கு ஓர் அழகு உண்டு. அந்த அழகு உடுத்தி உடுத்தித்தான் வரும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் கடையில் வாங்கக் கிடைக்காது. இதுதான் விஷயம்.

வசந்த காலம் என்னும் சொல்லை மேல்நாட்டார் சொல்வது வேறு, நாம் சொல்வது வேறு. அங்கே பனி உருகி, கனத்த கம்பளிக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மெல்லிய கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்புகிற காலம் அது. இங்கே சித்திரையும் வைகாசியுமே இளவேனில். வேப்ப மரம் பூக்கிறது, மாம்பழம் வருகிறது, குயில் கூவுகிறது என்பதெல்லாம் உண்மைதான். கூடவே அக்னி நட்சத்திரமும் வந்து சேருகிறதே! ஆகையால் தமிழ்நாட்டில் வசந்த கால உடைக்கு முதல் லட்சணம், வியர்வையை உறிஞ்சிக் காற்றை உள்ளே விடுவதுதான்.

அந்த லட்சணம் புதுத் துணியைவிடப் பழைய பருத்தித் துணியில் அதிகமாயிருப்பதற்குக் காரணம் உண்டு. தறியில் பாவு நூல் ஓயாமல் உராய்வுபடுகிறது. அது அறுந்து போகாமலிருப்பதற்காக நெசவாளர் அதற்குக் கஞ்சி போடுகிறார்கள். தெருவில் பாவை நீள விரித்து, கஞ்சி தோய்த்து உலர்த்துவதை நெசவாளர் குடியிருப்புகளில் நேயர்கள் பார்த்திருக்கலாம். புது வேஷ்டி மொடமொடவென்று நிற்பதற்கு இந்தக் கஞ்சியும் ஒரு காரணம். நாலைந்து சலவைகளில் அது கரைந்து போகிறது. இழைகள் தளர்ந்து தத்தம் இடத்தில் படிந்து கொள்கின்றன. அப்புறம் துணி உடம்போடு ஒட்டி உறவாடத் தொடங்குகிறது. கதர் கட்டிப் பழகியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். முதல் மாதம் சாக்கு மாதிரி உறுத்துகிற கதர்ச் சட்டை, இரண்டாவது வருஷத்தில் வேறு எதையும் போட மனம் வராதபடி செய்துவிடுகிறது.

பழகிய துணியின் இந்தப் பெருமையை உலகத்துக்கு எடுத்துக் காட்டியதே நம் சென்னைப் பட்டணத்தின் பெயரைத் தாங்கிய ஒரு துணி என்பது நேயர்களில் பலருக்கு ஆச்சரியமாயிருக்கும். “மெட்ராஸ்” என்று மேல்நாடுகளில் பெயர் பெற்ற கைத்தறிக் கட்டம் போட்ட பருத்தித் துணியைத்தான் சொல்கிறோம். சென்னைப் பட்டணம் உண்டானதற்கே துணி வியாபாரம் ஒரு முக்கிய காரணம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த மணல்வெளியில் வந்து இறங்கியது சோழ மண்டலக் கரையின் துணிகளை நாடித்தான். பிறகு 1734-ல் நூற்போரையும் நெசவாளரையும் குடியேற்றுவதற்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தினார்கள்.

இந்த மெட்ராஸ் துணிக்கு அமெரிக்காவில் நேர்ந்த அனுபவத்தை வியாபார உலகத்தில் ஒரு கதையாகவே சொல்லி வருகிறார்கள். 1958-ம் வருஷம். வில்லியம் ஜேக்கப்ஸன் என்னும் அமெரிக்க வியாபாரி, பிற்காலத்தில் ஹோட்டல் அதிபராகப் பெயர் பெற்ற கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து இந்தத் துணியை வாங்கி, நியூயார்க்கில் கனவான்களின் உடைக்குப் பேர்போன ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். கெட்டிச் சாயம் அல்ல, ஜாக்கிரதையாகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்திருந்தாராம். அந்த எச்சரிக்கை வாங்கியவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கனவான்கள் சட்டையை வாங்கிப் போய் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தார்கள். சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலந்து, கூடக் கிடந்த வெள்ளைத் துணிகளையும் விடாமல் பிடித்துக்கொண்டன. கடையில் ஒரே கூச்சல்.

வேறொருவராயிருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எஞ்சிய துணியைக் கடலில் கொட்டியிருப்பார். இவர்களோ அந்தக் குறையையே குணமாக விளம்பரம் செய்தார்கள். “இந்தத் துணி நிச்சயமாகச் சாயம் போகும், அதற்கு நாங்கள் உத்தரவாதம்!” என்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும், கட்டங்கள் ஒன்றில் ஒன்று கரையும், உங்கள் சட்டையைப் போல் இன்னொருவரிடம் இருக்காது என்று விளக்கினார்கள். சாயம் வெளுத்துவிட்டது என்பது நம் பேச்சில் ஒருவருடைய வேஷம் கலைந்ததற்குச் சொல்லும் வார்த்தை. அங்கேயோ சாயம் வெளுக்க வெளுக்கச் சட்டைக்கு மதிப்பு ஏறிற்று. கல்லூரி மாணவர்கள் வெளுத்த மெட்ராஸ் சட்டையை வசந்த காலத்திலும் கோடையிலும் பெருமையுடன் அணிந்தார்கள்.

கதையின் விவரங்களில் வியாபாரிகளின் கைவண்ணம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் “சாயம் போவதற்கு உத்தரவாதம்” என்ற அந்த வாசகம் பிரசித்தி பெற்றது மெய். அதற்குள்ளே ஓர் உண்மையும் இருக்கிறது. அந்தச் சட்டையின் அழகில் பாதி நம் நெசவாளர் கொடுத்தது. மறு பாதி, அதை உடுத்தியவர் பல நாள் உடுத்திக் கொடுத்தது.

இந்த எண்ணத்தோடு சில வாரங்களுக்கு முன் பென்னலூர்ப் பக்கம் போயிருந்தோம். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் பெருஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்த ஊர். ஏரியும் வயலுமாயிருந்த இந்தப் பிரதேசம் ஒரு தலைமுறைக்குள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரரின் மோட்டார் வண்டித் தொழிற்சாலை வேலை தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைத்தொலைபேசித் தொழிற்சாலை வந்தது. எட்டே வருஷத்தில், 2014-ல், அது மூடப்பட்டும் போயிற்று. நேற்று வந்த புதுமை இன்று பழசாகிற வேகத்தை இந்த வட்டாரத்து ஜனங்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். அதே வட்டாரத்தில் ஒரகடத்தில்தான், 1955 முதல் திருவொற்றியூரில் உருவாகி வந்த என்பீல்டு மோட்டார் சைக்கிளுக்கு 2013-ல் புதுத் தொழிற்சாலை திறந்தார்கள். தகப்பனார் ஓட்டிய அந்த வண்டியைப் பிள்ளை துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு ஓட்டுவதை எத்தனையோ குடும்பங்களில் பார்க்கிறோம். புதுமைக்கும் பழமைக்கும் ஒரே சாலையில் இடம் இருக்கத்தான் இருக்கிறது.

பென்னலூரில் சாலையோரத்தில் தகரக் கூரையின் கீழ் ஒரு தையற்காரர் மிஷினுடன் உட்கார்ந்திருந்தார். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் வாலிபர்களே அவருடைய வாடிக்கைக்காரர்கள். நாம் நின்ற அரை மணி நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் கையில் புத்தம் புது ஜீன்ஸ். முழங்காலில் இரண்டு கிழிசல்கள். தொடையில் தேய்ந்து வெளுத்த அடையாளம். கால் நீளத்தைக் குறைக்க வேண்டுமாம். தையற்காரர் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “கிழிசலைத் தைக்கட்டுமான்னு கேட்டேனுங்க, தம்பிக்குக் கோபம் வந்திருச்சு” என்றார்.

அடுத்தவர் கொண்டுவந்தது ஒரு பழைய அரைக்கைச் சட்டை. காலர் மடிப்பில் நைந்து நூல் தெரிந்தது.

“காலரைத் திருப்பி வச்சுத் தைச்சுக் குடுங்கண்ணே.”

“தம்பி, இன்னும் கொஞ்சம் போட்டா பிளாட்பாரத்துல புதுசே வாங்கலாமே?”

“வாங்கலாம்ணே. ஆனா நாள் பூரா யூனிபாரத்துல நின்னுட்டு ரூமுக்கு வந்து இதைப் போட்டாத்தான் உடம்பு ஆறுது.”

தையற்காரர் மறு பேச்சின்றிச் சட்டையை வாங்கிக் காலரின் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

இவ்விரு வாலிபர்களில் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது நம் நோக்கமல்ல. கிழிந்த ஜீன்ஸை விரும்பியவரும் பழகிய துணியின் அழகைத்தான் விரும்புகிறார். ஆனால் அதை உடுத்திச் சம்பாதிப்பதற்குப் பதிலாக விலைக்கு வாங்கப் பார்க்கிறார். ஜீன்ஸ் என்பது ஆதியில் பாட்டாளியின் உடை. 1873-ல் அமெரிக்காவில் லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரும், கால்சட்டைப் பைகளின் மூலைகள் கிழிந்து போகாதபடி செப்பு ஆணி அடிக்கும் முறைக்குப் பேடண்டு உரிமை பெற்றார்கள். கிழியாமல் உழைப்பதற்கென்றே பிறந்த உடையை, இன்று கிழித்துக் கொடுத்தால்தான் வாங்குகிறோம்!

அந்தப் பொய்ப் பழமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். புது ஜீன்ஸைப் பழையதாகக் காட்டுவதற்கு, மணலை மிகுந்த வேகத்துடன் அதன்மேல் பீய்ச்சி அடிக்கும் முறை ஒன்று உண்டு. அந்த மணல் தூசியைச் சுவாசித்த தொழிலாளரின் நுரையீரல் தழும்பேறி, சிலிகோஸிஸ் என்னும் தீராத நோய் பற்றிக்கொண்டது. துருக்கி தேசத்தில் இளந்தொழிலாளர் பலர் இதற்குப் பலியான பிறகு, 2009-ல் அந்நாட்டு அரசாங்கம் இம்முறையைத் தடை செய்தது. முழங்காலில் ஒரு வெளுத்த திட்டு, ஒரு மனிதனின் மூச்சுக்கு ஈடாகுமா? இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் அந்தத் திட்டு தானாகவே வந்திருக்குமே!

நம் நாட்டிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, அதன் கரைக் குடியானவர்கள் பல வருஷம் முறையிட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட நேர்ந்தது. ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைவித்துத் துணியாக்குவதற்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சீஸனுக்குப் போட்டுவிட்டு எறியும் சட்டையோடு இந்தத் தண்ணீரையும் சேர்த்தே எறிகிறோம்.

பழைய பொருளிடம் பற்று வைப்பது கருமித்தனம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்ட விரும்புகிறோம். காகா காலேல்கர் எழுதி வைத்திருப்பது இது. 1915-ல் பம்பாய்க் காங்கிரஸ் சமயத்தில் காந்தியடிகள் தம் மேஜையைச் சுற்றி எதையோ கவலையுடன் தேடிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டால், ஒரு சின்னப் பென்சில். காலேல்கர் தம்முடைய பென்சிலைக் கொடுக்க முன்வந்தார். மகாத்மா ஒப்பவில்லை. அந்தப் பென்சில், சென்னையில் ஜி. ஏ. நடேசனின் சிறு பிள்ளை அன்போடு கொடுத்தது. அதைத் தொலைக்க மனம் வரவில்லை. இருவரும் சேர்ந்து தேடி எடுத்தபோது அது இரண்டங்குலம்கூட இல்லை. பென்சிலின் விலை அவருக்குப் பெரிதாயிருக்கவில்லை. அதைக் கொடுத்த குழந்தையின் கைதான் அவர் மனத்தில் இருந்தது. பழைய பொருளின் பெருமை இதுவே.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. மாற்றுத் துணி இல்லாமல் கந்தலை உடுத்துவது வேறு. இருக்கும்போதே பழையதை விரும்பி உடுத்துவது வேறு. முன்னதில் ஓர் அழகும் இல்லை. 1921 செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் காந்தியடிகள் தம் உடையை முழத்துண்டாகக் குறைத்துக்கொண்டது, கந்தலை அழகென்று கருதி அல்ல. புதுக் கதருக்கு வழியற்ற கோடிக்கணக்கான ஏழைகளோடு தம்மைச் சேர்த்துக்கொள்வதற்காக. வறுமையை நாம் வர்ணிக்கத் தொடங்கினால் அது பாவமாகும். வாங்கச் சக்தியுள்ள குடும்பங்களை நோக்கியே நாம் இதைச் சொல்கிறோம்.

“எல்லாரும் பழையதையே கட்டிக்கொண்டால் நெசவாளர் கதி என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆறு மட்டச் சட்டைகள் வாங்கும் பணத்தில் இரண்டு நல்ல கைத்தறிச் சட்டைகள் வாங்குங்கள். 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் சங்கமும் கதர்க் கடைகளும் ஊர்தோறும் இருக்கின்றன. பழகிப் பழகி அழகு பெறும் துணியை நெய்யத் தெரிந்தவர்கள் கைத்தறிக்காரர்களே. அவர்கள் கையில் காசு போய்ச் சேருவதற்கு, நீடித்து உழைக்கும் துணியை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

இனி, இளவேனிலுக்கு என்ன உடுத்துவது என்ற கேள்விக்கு வருவோம். வீட்டுக்கு ஒரு நாலு முழம், வெளியே போக ஓர் எட்டு முழம். சற்றே மங்கிய வெள்ளை உத்தமம். மேலுக்குத் தளர்ந்த அரைக்கைச் சட்டை. வெளுத்த நீலமோ, மங்கிய மஞ்சளோ, கட்டம் கரைந்த மெட்ராஸோ போதும். ஆபீஸுக்கு நிஜார் கட்டாயமானால் பழகிய பருத்தி நிஜாரே சிலாக்கியம். வேஷ்டிக்கு மரியாதை குறைவென்று எண்ண வேண்டாம். வேஷ்டி கட்டியவரைக் கிளப்புகள் வாசலில் தடுக்கக் கூடாதென்று 2014-ல் தமிழ்நாடு சட்டசபை சட்டமே இயற்றியிருக்கிறது. வாசலில் நின்ற வேஷ்டியைச் சட்டம் உள்ளே விட்டுவிட்டது. பெட்டிக்குள் கிடக்கும் வேஷ்டியை நாம்தான் வெளியே விட வேண்டும்.

பழைய துணியைப் பேணுவதற்குச் சில யோசனைகள். வர்ணத் துணியை உள்புறம் திருப்பி நிழலில் உலர்த்துங்கள். சாயம் போகும் துணியைத் தனியே, குளிர்ந்த நீரில் அலசுங்கள். வியர்வை பட்ட சட்டையைச் சுருட்டிப் போடாமல் அன்றைக்கே நனைத்துவிடுங்கள். காலர் நைந்தால் திருப்பித் தைக்கலாம். சின்ன ஓட்டை விழுந்தால் அன்றே இழை ஓட்டிவிட வேண்டும்; ஒரு வாரம் விட்டால் அது கிழிசலாகிவிடும். ஒட்டுப் போடுவதில் வெட்கம் வேண்டாம். இங்கிலாந்து மன்னர் சார்லஸ் இளவரசராயிருந்தபோதே ஒட்டுப் போட்ட கோட்டுடனும் பாதரட்சையுடனும் சபைகளுக்குப் போனவர். அவருக்குப் புதுசு வாங்க முடியாமற் போகவில்லை.

இன்னொரு வார்த்தை. “பழையதைத் தைத்துக் கட்டுவோம்” என்று ஐயா தீர்மானம் செய்வதும், ஊசியை அம்மாளிடம் நீட்டுவதும் நம் வீடுகளில் வழக்கம். இது தர்மமல்ல. தம் சட்டைக்குத் தாமே ஒரு பித்தான் வைக்கத் தெரியாத புருஷர், பழமையின் பெருமையைப் பற்றிப் பேச அருகதையற்றவர். பென்னலூரில் மிஷின் மிதித்தவரும் ஆண்பிள்ளைதானே? ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் துணி ஒருநாள் நைந்துதான் போகும். அப்போதும் அதன் வேலை முடிவதில்லை என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். பங்குனி சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழிவதற்குப் பழைய வேஷ்டியைத்தான் விரிக்கிறார்கள். இட்லித் தட்டில் போடுவது பழைய வேஷ்டித் துண்டு. சூரணத்தைச் சலிக்கும் வஸ்திரகாயத்துக்கும் அதுதான். விளக்குக்குத் திரியாகத் திரிப்பதும் அதைத்தான். பிறந்த குழந்தையின் மேனிக்குப் புதுத் துணி உறுத்துமென்று, தாத்தாவின் நைந்த வேஷ்டியைக் கிழித்துத்தான் முதலில் அதைச் சுற்றுகிறார்கள். ஐம்பது சலவை கண்ட துணிக்கு மட்டுமே அந்த மிருது உண்டு.

ஆகவே நேயர்களே, வருஷப் பிறப்பன்று சம்பிரதாயத்துக்காக மஞ்சள் தடவிய புது வேஷ்டி ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், நாம் தடுக்கவில்லை. ஆனால் வாங்கும்போதே, “இதைப் பத்து வருஷம் கட்டுவேனா? கட்டி முடித்த பிறகு இது ஒரு குழந்தைக்கு உதவுமா?” என்று கடையில் நின்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாங்குங்கள். மறுநாள் முதல் பெட்டியிலுள்ள பழையது இருக்கவே இருக்கிறது.